வீட்டுக்குத் திருப்பி அனுப்பத்தான் அடிக்கிறார்கள்

தெற்குப் பக்கம் ஒரு சின்னப் பேரூராட்சியில் எதிர்க்கட்சி சார்பில் வார்டுக்கு நின்று ஜெயித்து, அந்தப் பதவிக்காலம் முழுக்க மன்றத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். அடி வாங்கியிருக்கிறேன், வழக்கு நடத்தியிருக்கிறேன், என் பேரைச் சுவரில் எழுதியதையும் பார்த்திருக்கிறேன். எந்தக் கட்சி, எந்த ஆட்சி என்று சொல்லப் போவதில்லை. அதைச் சொன்னால் பாதிப் பேர் கட்சிச் சண்டையாகத்தான் இதைப் படிப்பார்கள். ஆட்சி மாறியபோது, எனக்கு நடந்ததையே எங்கள் ஆட்கள் அடுத்த கட்சிப் பெண்ணுக்குச் செய்ததையும் பார்த்துவிட்டேன்.

அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் நிற்கலாமா என்று கேட்டு நிறையப் பெண்கள் வருகிறார்கள். தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் 50 சதவீதம் பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் திருத்தியாகிவிட்டது, அதனால் எல்லாக் கட்சியும் பெண்களைத் தேடுகிறது. நில் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் நிற்பதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டியது சில உண்டு.

மதுரைப் பக்கத்துக்காரர்களுக்கு லீலாவதியைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நெசவு நெய்த குடும்பத்துப் பெண், மார்க்சிஸ்ட் கட்சிக்காரர், 1996இல் வில்லாபுரத்தில் மாநகராட்சி கவுன்சிலராக ஜெயித்தார். அங்கே குடிதண்ணீரைக் காசுக்கு விற்றுப் பிழைத்த கூட்டம் ஒன்று இருந்தது, குழாயில் தண்ணீர் வந்துவிட்டால் அவர்கள் பிழைப்பு போச்சு. 1997 ஏப்ரல் 23 அன்று பட்டப்பகலில் தெருவில் வைத்து வெட்டிக் கொன்றார்கள். தண்டிக்கப்பட்டவர்கள் அன்றைய ஆளுங்கட்சியைச் சேர்ந்தவர்கள். அவர்களில் சிலர் 2008இல் அண்ணா நூற்றாண்டை ஒட்டி நடந்த முன்விடுதலையில் வெளியே வந்ததும் நடந்தது. ஊரப்பாக்கம் ஊராட்சித் தலைவி மேனகாவை 2001இல் அவருடைய அலுவலகத்திலேயே கொன்றார்கள். இந்த இரண்டு பேரையும் நான் முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. கவுன்சிலர் பதவிதானே, யார் என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று நினைத்து யாரும் வந்துவிடக் கூடாது. தண்ணீர், மணல், மனைப்பிரிவு, டெண்டர், இப்படிக் கீழ்மட்டத்தில்தான் காசு புரள்கிறது. அதில் கைவைக்கிற பெண்ணுக்குச் சட்டமன்ற உறுப்பினருக்கு இருக்கிற பாதுகாப்பு எதுவும் கிடையாது.

சட்டமன்றத்திலேயே என்ன பாதுகாப்பு இருந்தது என்று கேட்டால் அதுவும் நியாயம்தான். 1989 மார்ச் 25, பட்ஜெட் நாளில் சட்டமன்றத்துக்குள் நடந்த ரகளையில் தன்னைத் தாக்கிச் சேலையை இழுத்தார்கள் என்று எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஜெயலலிதா சொன்னார், ஆளுந்தரப்பு மறுத்தது, இன்றைக்கும் அந்த வாதம் முடியவில்லை. எனக்கு அப்போது விவரம் தெரியாத வயசு. ஆனால் எங்கள் தெருவில் பல வருஷம் கழித்தும் அதைச் சிரித்துக்கொண்டே பேசிய ஆண்களை எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தச் சிரிப்பைத்தான் ஒவ்வொரு ஊரிலும் எதிர்க்கட்சிப் பெண் எதிர்கொள்கிறாள்.

என் அனுபவத்துக்கு வருகிறேன். வேட்புமனு கொடுத்த அன்றைக்கு ராத்திரியே போன் வந்தது, எனக்கு இல்லை, என் வீட்டுக்காரருக்கு. மாவு மில் வைத்திருக்கிறோம். "அண்ணே, உங்க மேல மரியாதை உண்டு, அக்காவை வாபஸ் வாங்கச் சொல்லுங்க, மில்லு நல்லபடியா ஓடணும்ல" என்று பதமாகத்தான் பேசினார்கள். மறுநாள் தொழில் உரிமம் பார்க்க ஆள் வந்தது. அதற்கு அடுத்து என் மாமியாரிடம், கோயிலில் வைத்து, தெரிந்த ஒரு அம்மா மூலமாகவே, "உன் மருமக ராத்திரி பத்து மணிக்கு எந்தக் கார்ல வந்து இறங்குறா தெரியுமா" என்று சொல்ல வைத்தார்கள். கவனித்துப் பாருங்கள், இதுவரைக்கும் என்னிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எதிர்க்கட்சியில் இருக்கும் ஆணை மிரட்ட வேண்டுமென்றால் நேராக அவனிடம் போவார்கள். பெண்ணென்றால் அவளை வீட்டுக்குள் இழுத்து உட்காரவைக்க முடிந்தவர்களிடம் போகிறார்கள். புருஷன், மாமியார், அண்ணன் தம்பி, பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடம், சொந்தக் கட்சியின் ஒன்றியச் செயலாளர் வரை.

அதனால் மனு கொடுக்கும் முன்னாலேயே வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். என்ன என்ன சொல்வார்கள் என்று முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். நான் சொன்னேன்: "அத்தை, என்னைப் பத்தி அசிங்கமாப் பேசுவாங்க, உங்க காதுலயே வந்து சொல்லுவாங்க, போட்டோ கூட காட்டுவாங்க." அப்படிச் சொல்லி வைத்திருந்ததால் அந்த அம்மா கோயிலில் வந்து சொன்னபோது என் மாமியார், "சொல்லுவாங்கன்னு சொல்லித்தான் வச்சிருக்கா, நீ யாரு அனுப்பி வந்த?" என்று கேட்டுவிட்டார். என் அரசியல் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய ஆதரவு அது. எந்தத் தலைவரும் எனக்கு அப்படி நிற்கவில்லை. வீட்டில் உரிமம், மின் இணைப்பு, வரி ரசீது, கடன் பத்திரம் எதிலாவது ஓட்டை இருந்தால் தேர்தலுக்கு ஆறு மாதம் முன்னாலேயே சரிசெய்துவிடுங்கள், முதலில் அங்கேதான் கை வைப்பார்கள்.

மனு விஷயத்தில் ஒன்று. முன்மொழிபவராக யாரைப் போடுகிறீர்கள் என்பதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2017 டிசம்பரில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷால் மனு ஏன் தள்ளுபடியானது? முன்மொழிந்தவர்களில் இரண்டு பேர் அது எங்கள் கையெழுத்தே இல்லை என்றார்கள். நடிகருக்கே அப்படி என்றால் வார்டில் நிற்கிற பெண்ணுக்குக் கேட்க வேண்டாம். மிரட்டினாலும் புரளாத ஆள், முடிந்தால் உங்களைப் போலவே இழப்பதற்குப் பெரிதாக எதுவும் இல்லாத ஒரு பெண், அவரைப் போடுங்கள். பரிசீலனை முடியும்வரை அவரைத் தனியாக விடாதீர்கள். மாற்று வேட்பாளர் மனுவும் ஒரு பெண் பேரில்தான் இருக்க வேண்டும் என்று கட்சியில் சண்டை போட்டு வாங்குங்கள்.

பிரச்சாரத்தின்போது சுவரில் எழுதினார்கள், என் முகத்தை வேறு உடம்போடு ஒட்டிய படம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. இது பெரிய இடத்துப் பெண்களுக்கும் நடக்கிறது. 2019 நாடாளுமன்றத் தேர்தல் சமயத்தில் இந்தியாவில் 95 பெண் அரசியல்வாதிகளைப் பற்றி வந்த ட்விட்டர் பதிவுகளை ஆம்னஸ்டி ஆராய்ந்தது. அவர்களைக் குறிப்பிட்ட ஏழு பதிவில் ஒன்று வசையாகவோ வம்பாகவோ இருந்தது. ஆனால் நகரத்துத் தலைவியைத் திட்டுகிறவன் எங்கோ இருக்கிறான். எங்கள் ஊரில் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் என் பிள்ளையின் வகுப்புத் தோழர்களின் அப்பாக்கள், பால்காரர், ரேஷன் கடைக்காரர். வெளியே தலைகாட்ட முடியாது என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். அன்றைக்குச் சாயங்காலமே நான் அதே தெருக்களில் ஓட்டுக் கேட்டுப் போனேன், கூட பெண்கள் மட்டும். எந்த வீட்டிலும் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒரு பாட்டி மட்டும் என் கன்னத்தைத் தடவி, "சாப்பிட்டியா" என்று கேட்டார்.

அப்படி ஒரு படம் வந்தால் உடனே அழித்துவிடத் தோன்றும், அழிக்காதீர்கள். யார் எண்ணிலிருந்து எந்தக் குழுவில் வந்தது, தேதி, நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், படம் வந்த அந்தப் போனையும் மாற்றாமல் பத்திரமாக வையுங்கள். மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் ஒன்று கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, பழைய சட்டத்தில் 65பி, இப்போது பாரதிய சாட்சிய அதினியம் 63. இது இல்லாமல் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால் விசாரணையில் நிற்பது கஷ்டம். சைபர் குற்றத்துக்கு 1930க்குப் போன் போடலாம், இணையத்திலும் புகார் பதியலாம். புகார் எண் கையில் இருந்தால்தான் அப்புறம் உள்ளூர் ஸ்டேஷனில் பேச முடியும்.

இனி அடி விழுந்த கதை. ஜெயித்த பிறகு, ஆழ்துளைக் கிணற்று மோட்டார் ரிப்பேர் என்று மாதாமாதம் வந்த பில்களைப் பற்றி மன்றத்தில் கேட்டேன். ஒரே மோட்டார், ஒரே ரிப்பேர், திரும்பத் திரும்ப வருகிறது. பதில் சொல்லவில்லை, கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் பதியவும் மறுத்தார்கள். எழுதிக் கொடுத்து, முத்திரை போட்ட நகல் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அலுவலக வாசலில் என்னைச் சூழ்ந்து அடித்தவர்கள் பெண்கள். சேலையை இழுத்தது, முடியைப் பிடித்தது எல்லாம் பெண்கள். ஆண்கள் சுற்றி நின்று, இழு இழு என்று சொல்லிக்கொண்டே போனில் படம் எடுத்தார்கள்.

இது எல்லாக் கட்சியும் செய்கிற உத்தி. பெண்ணைப் பெண் அடித்தால் "குழாயடிச் சண்டை" என்று ஆகிவிடும், அரசியல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், வழக்கும் லேசாகிவிடும். அந்த லேசாவதற்குச் சட்டத்திலேயே ஒரு காரணம் இருந்தது. பழைய தண்டனைச் சட்டம் 354பி, அதாவது உடையைக் களைய முயல்வது, ஆணுக்கு மட்டும்தான் பொருந்தும், எழுத்திலேயே அப்படித்தான் இருந்தது. நல்ல வழக்கறிஞர் ஒருவர் கிடைத்ததால், தூண்டிவிட்ட ஆண்கள் மேல் அந்தப் பிரிவையும் அடித்த பெண்கள் மேல் மானபங்கத்துக்கான 354ஐயும் போடவைத்தோம். 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 76ஆம் பிரிவு ஆண் பெண் யாராக இருந்தாலும் பொருந்தும், 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. புகார் எழுதும்போது யார் இழுத்தார்கள், யார் இழுக்கச் சொன்னார்கள், என்ன வார்த்தை சொன்னார்கள் என்று தனித்தனியாக எழுதுங்கள். அசிங்கமான வார்த்தையாக இருந்தால் கூச்சப்படாமல் அதே வார்த்தையை எழுதுங்கள். "தகாத வார்த்தைகளால் திட்டினார்" என்று எழுதிக் கொடுத்தால் அப்புறம் குறுக்கு விசாரணையில் என்ன வார்த்தை என்று கேட்பார்கள், புகாரில் இல்லாததை இப்போது சேர்க்கிறாய் என்பார்கள்.

அடி விழுந்த உடனே ஸ்டேஷனுக்கு ஓடத் தோன்றும். நான் முதலில் அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் போகச் சொல்வேன். அங்கே விபத்துப் பதிவேடு போடுவார்கள், ஏ.ஆர். காப்பி என்பார்கள். அதில் யார் தாக்கினார்கள், எத்தனை பேர், எப்போது, எங்கே என்று நீங்கள் சொல்வதை டாக்டர் எழுதுவார், வழக்கில் முதல் வாக்குமூலமாக எல்லோரும் பார்ப்பது அதைத்தான். "கீழே விழுந்துட்டேன்னு சொல்லிருங்கம்மா, கேஸ் ஆகிடும்" என்று கூட வந்தவர்களே சொல்வார்கள், கேட்காதீர்கள். வெளியில் காயம் தெரியாவிட்டாலும் எங்கே வலிக்கிறது என்பதைச் சொல்லிப் பதியவையுங்கள். கிழிந்த ஜாக்கெட்டை, சேலையைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு வையுங்கள், பிளாஸ்டிக் பையில் வேண்டாம், வேர்த்துக் கெட்டுப்போகும். அவற்றைப் போலீஸ் கேட்டால் மகஜர், அதாவது என்னென்ன பொருளை எடுத்தார்கள் என்கிற பட்டியல், எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுக்க வேண்டும்.

ஸ்டேஷனில் எனக்கு நடந்தது எல்லோருக்கும் நடப்பதுதான். சாயங்காலம் வரை உட்காரவைத்தார்கள், தண்ணீர் கூடக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. "ஏம்மா, பொம்பளைங்க சண்டையைப் பெருசாக்குற, ஒரே ஊருக்குள்ள இருக்கணும்ல, சமாதானமாப் போங்க." அப்புறம் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பப் பார்த்தார்கள். மனு பெற்றோம் என்பதற்கான சீட்டு அது, முதல் தகவல் அறிக்கை ஆகாது. ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். பெண்ணின் மானம் சம்பந்தப்பட்ட குற்றத்துக்கு வழக்குப் பதிய மறுக்கும் அதிகாரிக்கே 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை கடுங்காவல் என்று புதிய சட்டத்தில் 199ஆம் பிரிவு சொல்கிறது. இதை அமைதியாக, ஒரு வழக்கறிஞரோடு, எழுத்தில் சுட்டிக்காட்டினால் பல ஸ்டேஷன்களில் பேச்சு மாறும். உங்கள் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத்தபாலில் மனு, அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட். வழக்குப் பதிவானால் எஃப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசம், கேட்டு வாங்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்ணாக இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளைச் சேர்க்கச் சொல்லி மனுவிலேயே எழுதுங்கள். தேர்தலில் நிற்கவிடாமல் தடுப்பதும், உள்ளாட்சிப் பதவியின் வேலையைச் செய்யவிடாமல் மிரட்டுவதும் 2015 திருத்தத்திலிருந்து அந்தச் சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவியைத் தரையில் உட்காரவைத்த படம் வெளியான பிறகுதான் கைது நடந்தது. படம் இல்லாத எத்தனை ஊர் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் கவுண்டர் கேஸ். இதைத்தான் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. நீங்கள் புகார் கொடுத்த மறுநாளே, நான் நாற்காலியால் அடித்தேன், எலும்பு முறிந்துவிட்டது என்று அந்தப் பக்கம் ஒரு பெண் ஆஸ்பத்திரியில் படுத்துவிடுவார். உங்கள் மேலும் வழக்கு, உங்கள் புருஷன் மேலும் வழக்கு, சம்பவ இடத்திலேயே இல்லாத தம்பி பேரும் அதில் இருக்கும், அதுவும் தம்பி அரசுத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறவன் என்று தெரிந்தே சேர்ப்பார்கள். இரண்டையும் சேர்த்து வாபஸ் வாங்கிக்கலாமே என்று பெரியவர்கள் பஞ்சாயத்துப் பேச வருவார்கள். எங்கள் வீடு உடைந்து போகவிருந்த வாரம் அது. முன்ஜாமீன் வாங்கினோம், தம்பி சம்பவ நேரத்தில் வேறு ஊரில் இருந்ததற்குப் பஸ் டிக்கெட்டும் கேமரா பதிவும் கிடைத்தது, பெயரை நீக்கினார்கள். பெண்கள் முக்கால்வாசிப் பேர் வழக்கை வாபஸ் வாங்குவது இந்த இடத்தில்தான், தங்களுக்காகப் பயந்து இல்லை, தம்பிக்காக, பிள்ளைக்காக. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அதனால்தான் சொல்கிறேன், சம்பவம் நடந்த அன்றைக்கே வீட்டு ஆண்கள் ஒவ்வொருவரும் எங்கே இருந்தார்கள் என்பதற்கு ஆதாரம் எடுத்து வையுங்கள். அலுவலக வாசல் கேமரா பதிவு சில நாளில் அழிந்துவிடும், அதைப் பாதுகாத்து வைக்கச் சொல்லி உடனே எழுத்தில் கேளுங்கள். உங்கள் பக்கச் சாட்சிகள் நாளைக்குப் பிறழ்ந்துவிடுவார்கள் என்ற சந்தேகம் இருந்தால் மாஜிஸ்திரேட் முன்னால் அவர்கள் வாக்குமூலம் பதியச் சொல்லிக் கேட்கலாம், உங்களுடையதையும்.

போராட்டத்துக்குப் போகும் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. மறியல் என்றால் பஸ்ஸில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் அடைத்து, சாயங்காலம் விடுவார்கள். ஏற்றும்போதுதான் கைவைப்பார்கள். பெண்ணைத் தொட்டுக் கைது செய்யப் பெண் போலீஸ் வேண்டும். சூரியன் மறைந்த பிறகு விடியும்வரை பெண்ணைக் கைது செய்யக் கூடாது, விதிவிலக்கான நேரத்தில்கூட மாஜிஸ்திரேட் அனுமதியோடுதான் முடியும். அழுத்திச் சொல்கிறேன், வழக்கறிஞர் எண்ணைக் காகிதத்தில் எழுதி வைத்திருங்கள், போனைப் பிடுங்கிவிடுவார்கள். மாத்திரை, நாப்கின், ஒரு துண்டு, தண்ணீர், இவை பையில் இருக்கட்டும். சேலை கட்டுபவர்கள் உள்ளே லெக்கின்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், எல்லா ஊக்கையும் தோளில் மட்டும் குத்தாமல் இடுப்பிலும் குத்துங்கள். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் இதைச் சொல்லிக் கொடுக்க எனக்கு ஒரு அக்கா இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கட்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு அடி விழுந்த அன்றைக்குக் கண்டன அறிக்கை வந்தது, ஆர்ப்பாட்டம் நடந்தது, தலைவர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். வழக்குக்கு வாய்தா வாய்தாவாக நான் நடந்தபோது கூட வந்தவர்கள் இரண்டு பெண்கள்தான். அடுத்த தேர்தலில், "உங்களுக்குக் கேஸ் இருக்கு, ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லி வார்டை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். எதிரி என்ன ஆசைப்பட்டு அடித்தானோ அதை என் கட்சி செய்து முடித்தது, எனக்கு அதில்தான் இன்னும் ஆறவில்லை. கட்சிக்குள் பாலியல் தொல்லை என்றால் போய்ச் சொல்லவும் இடமில்லை, வேலையிடத்துச் சட்டப்படி உள்புகார்க் குழு அமைக்கும் கடமை கட்சிகளுக்கு உண்டு என்று கேட்டுப் போன மனுவை உச்ச நீதிமன்றம் 2025இல் ஏற்கவில்லை. ஆகவே மனு கொடுக்கும்போதே கட்சியிடம் எழுத்தில் கேளுங்கள்: வழக்கு வந்தால் வழக்கறிஞர் யார், செலவு யார், தாக்கப்பட்டால் அடுத்த முறை சீட்டு உண்டா. எழுதித் தர மாட்டார்கள் என்பது தெரியும். பத்துப் பெண்கள் சேர்ந்து கேட்டால் மறுக்கச் சங்கடப்படுவார்கள், அந்தச் சங்கடமே கொஞ்சம் உதவும்.

பொலிவியாவில் 2012இல் பெண்கள் மீதான அரசியல் வன்முறைக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள், ஹுவானா கிஸ்பே என்ற கவுன்சிலரைக் கொன்ற பிறகுதான் அது நிறைவேறியது. பதவி விலகச் சொல்லிப் பெண்ணை மிரட்டுவது, அவளுடைய குடும்பத்தை நெருக்குவது, எல்லாம் அதில் குற்றம். நமக்கு அப்படி ஒன்று இல்லை. மானபங்கம், மிரட்டல், காயம் என்று துண்டு துண்டாகத்தான் வழக்குப் போட முடிகிறது. ஏன் அடித்தார்கள் என்கிற கேள்விக்குக் குற்றப்பத்திரிகையில் "முன்விரோதம்" என்று ஒரே சொல். என் வழக்கிலும் அதுதான். மோட்டார் பில் பற்றி ஒரு வரி கிடையாது. கீழ்க்கோர்ட்டில் இரண்டு பேருக்குத் தண்டனை, மற்றவர்கள் விடுதலை, மேல்முறையீடு நடக்கிறது.

முதலில் சொன்ன அந்த அடுத்த கட்சிப் பெண், எங்கள் ஆட்களிடம் அடி வாங்கியவர், அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது நான்தான். ஏ.ஆர். போடச் சொல்லி டாக்டரிடம் நின்றேன், புகாரை நானே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன், யார் பேரெல்லாம் இருந்ததோ எல்லாம் எனக்குத் தெரிந்த பேர்கள். கட்சியில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது, பதில் கொடுத்தேன், மேற்கொண்டு ஒன்றும் செய்யவில்லை. இப்போது எங்கள் பேரூராட்சியில் நாலு கட்சிப் பெண்களும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். அதில் அரசியல் பேசக் கூடாது என்று பேசி வைத்திருக்கிறோம். யாருக்காவது மிரட்டல் போன் வந்தால் எண்ணும் நேரமும் போடுவார்கள், யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் அந்த வீட்டுக்குப் போவார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒன்று இல்லையென்றால் தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள், அறிவிப்பு வந்த பிறகு எந்தக் கட்சியும் தன் பெண்களை அடுத்த கட்சிப் பெண்களோடு பேசவிடாது.